சராசரிக்குக் கீழே ஒன்பது பேர்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்றில் ரப்பர் விலை அடிமட்டத்துக்குப் போய்விட்டது. சிங்கப்பூருக்கு வடக்கே, சிம்பாங் ரெங்கம் ஊருக்கு மேற்கே, ஜனங்கள் ஓடைக்காட்டுத் தோட்டம் என்று சொல்லும் தோட்டத்தில் அப்போது அமலநாதன் கணக்கெழுதும் இரண்டாவது கிராணியாக இருந்தான். இருபத்தேழு வயது. சிங்கப்பூரில் பாதிரிமார் பள்ளிக்கூடத்தில் ஏழாவது வரை படித்தவன். கணக்கில் மட்டும் அவனை யாரும் மிஞ்சியதில்லை. பால் கொட்டகையில் தராசுக்குப் பக்கத்தில் நின்று, ஒவ்வொருவர் வாளியையும் நிறுத்து, எத்தனை ராத்தல் என்று பேருக்கு நேரே எழுதுவதுதான் அவன் வேலை.

ஒரு சனிக்கிழமை தோட்டத்தை நடத்திய வெள்ளைக்காரத் துரை அவனை ஆபீசுக்கு அழைத்தார். சிங்கப்பூர் தலைமை ஆபீசிலிருந்து கடிதம் வந்திருந்தது. ஆட்களைக் குறைக்க வேண்டும், குறைத்தவர்களைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்ப வேண்டும்.

"யாரை அனுப்புவது என்பதுதான் கேள்வி. கங்காணியைக் கேட்டால் ஐந்து நிமிஷத்தில் பட்டியல் கொடுத்துவிடுவான்" என்றார் துரை.

கங்காணி கொடுக்கும் பட்டியல் எப்படி இருக்கும் என்று அமலநாதனுக்குத் தெரியும். அவருக்கு வேண்டாதவர்கள், கோழி கொடுக்காதவர்கள், எதிர்த்துப் பேசிய பெண்கள். அதை நினைத்துத்தான் அவன் வாயைத் திறந்தான்.

"கணக்குப்படி செய்யலாம் சார். மொத்தப் பாலை ஆட்களின் எண்ணிக்கையால் வகுத்தால் சராசரி வரும். அதற்குக் கீழே இருப்பவர்கள் யார் என்று பார்த்தால் போதும். அதில் யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை."

துரைக்கு அது பிடித்துப்போயிற்று. அன்று மத்தியானமே அமலநாதன் கணக்குப் போட்டுக் கொடுத்தான். அவன் பிரிவில் இருபத்துநாலு பேர். ஒரு நாளைக்கு மொத்தம் ஐந்நூற்று இருபத்தெட்டு ராத்தல் பால். ஆளுக்கு இருபத்திரண்டு. மீதியில்லாமல் வகுபட்டது அவனுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

இருபத்திரண்டுக்குக் கீழே ஒன்பது பேர் இருந்தார்கள்.

திங்கட்கிழமை விடியுமுன், பேர் கூப்பிடும் பெரட்டுக்களத்தில் ஆட்கள் வரிசையில் நின்றபோது, துரை சொன்னபடி அமலநாதன் முன்னால் வந்து விளக்கினான். "சராசரின்னா என்னன்னா, எல்லாரு பாலையும் ஒரே தொட்டியில ஊத்தி, எல்லாருக்கும் சமமாப் பங்கு வச்சா ஆளுக்கு எவ்வளவு வருமோ, அதுதான். இந்த மாசம் இருபத்திரண்டு. அதுக்குக் கீழ வந்தவங்க பேரு மட்டும் வெட்டியிருக்கு. வேற ஒண்ணும் பாக்கல."

பிறகு ஒன்பது பேரைப் படித்தான். ஐந்தாவது பேர் ஐயாசாமி. பத்தொன்பது வருஷமாக அந்தத் தோட்டத்தில் இருந்தவர். அவர் தினமும் பால் வெட்டும் மர வரிசை, அதாவது நிரை, சதுப்பு ஓரத்தில் இருந்தது. வரிசையில் அவர் அசையாமல் நின்றார். அவர் மனைவி கருப்பாயி, குடியிருந்த லயத்து வாசலில் நின்றவள், பேர் கேட்டதும் உள்ளே போய்ச் சட்டி பானைகளை வெளியே எடுத்துவைக்க ஆரம்பித்துவிட்டாள்.

மூன்று நாள் கழித்து லோரி வந்து ஒன்பது குடும்பங்களையும் ரெங்கம் ஸ்டேஷனுக்கு ஏற்றிப்போனது. அமலநாதன் போய்ப் பார்க்கவில்லை. கொட்டகையில் வேலை இருந்தது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். அந்த ஒன்பது நிரைகளையும் துரை வெட்டாமல் ஓய்வாகப் போடச் சொன்னார்.

மாதம் பிறந்ததும் துரை மறுபடி அழைத்தார். "நல்ல முறை அது. தலைமை ஆபீசில் பாராட்டுகிறார்கள். இந்த மாதக் கடைசியிலும் அப்படியே செய். புது சராசரியைக் கொட்டகையில் எழுதி மாட்டு. அவர்களுக்குத் தெரியட்டும்."

அமலநாதன் மிச்சம் இருந்த பதினைந்து பேரின் ராத்தலைக் கூட்டினான். முந்நூற்று எண்பத்துநாலு. பதினைந்தால் வகுத்தான். இருபத்தைந்து புள்ளி ஆறு. தப்பாகக் கூட்டிவிட்டோமோ என்று கீழிருந்து மேலாக இன்னொரு முறை கூட்டினான். அதேதான் வந்தது. யாரும் முன்னைவிட ஒரு சொட்டுப் பால் அதிகமாகக் கொண்டுவரவில்லை. குறைவாகக் கொண்டுவந்தவர்கள் போய்விட்டார்கள், அதனாலேயே சராசரி மூன்றரை ராத்தலுக்கு மேல் ஏறியிருந்தது.

பலகையில் எழுதி மாட்டினான். மறுநாள் நிறுவை முடிந்ததும் பேச்சியம்மாள் போகாமல் நின்றாள். முப்பது வயதிருக்கும். புருஷன் லெட்சுமணன், தோட்டத்து ஸ்டோரில் ரப்பர் உலர்த்தும் புகைக்கூடத்து வேலை செய்து செய்து, நெஞ்சில் சளி கட்டிப் படுத்திருந்தான். பெண் குழந்தை ஒன்று. அவள் பேரில்தான் அந்த வீடு ஓடியது.

"ஐயா, அந்தப் பலகையில என்ன எழுதியிருக்கீங்க?"

"இருபத்தஞ்சரையும் சொச்சமும்."

"போன மாசம் இருபத்திரண்டுன்னு சொன்னீங்க. நான் இருபத்துநாலு. தப்பிச்சோம்னு மாரியாத்தாளுக்கு விளக்குப் போட்டேன். இப்ப நான் கீழயா?"

"கீழதான்" என்றான்.

"அப்ப எத்தன ராத்தல் கொண்டாந்தா என் பேரு நிக்கும்? சொல்லுங்க, விடியுமுன்ன போய் வெட்டுறேன். வாளிய நெறச்சுக் கொண்டாறேன்."

"அப்படிச் சொல்ல முடியாது பேச்சியம்மா. நீ அதிகமாக் கொண்டாந்தா சராசரியும் கூட ஏறும். எல்லாரும் அதிகமாக் கொண்டாந்தாலும் யாராவது சில பேரு கீழதான் இருப்பாங்க."

"எல்லாரும் உசிரக் குடுத்து வெட்டினாலுமா?"

"ஆமா."

"அப்ப இது யாரு வெட்டுறா, யாரு வெட்டலேன்னு பாக்குற கணக்கு இல்லியேய்யா" என்று சொல்லிவிட்டு வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தன் அறையில் அமலநாதன் தாளை எடுத்து உட்கார்ந்தான். பதினைந்து பேரில் ஏழு பேர் கீழே. அவர்களை எடுத்துவிட்டால் எட்டுப் பேர். அவர்கள் சராசரி இருபத்தேழரை. அதற்குக் கீழே ஆறு பேர். அவர்களையும் எடுத்தால் இரண்டே பேர். அவர்கள் சராசரி முப்பதுக்கு மேல் போனது. அதற்கும் கீழே ஒருவன். கடைசியில் தங்கராஜு மட்டும் தாளில் நின்றான். இருபத்துநாலு பேரில் ஒருவன் மிஞ்ச நாலே மாதம்.

பேனாவை வைத்துவிட்டான். யாரோ ஒரு முரடன் செய்த கணக்கு என்றால் திட்டியாவது தீர்த்திருப்பான். இது அவன் போட்டது. நியாயமாக இருக்க வேண்டுமென்று போட்டது.

அந்தத் தாளை எடுத்துக்கொண்டு திங்கட்கிழமை துரையிடம் போனான். துரை அதை முழுதாகப் படித்தார். அவர் மூர்க்கர் இல்லை.

"சரி, புரிகிறது. அந்த அளவுக்குப் போக விடமாட்டேன்."

"எந்த அளவில் நிறுத்துவீர்கள் சார்?"

"சிங்கப்பூரில் நிறுத்தச் சொல்லும்போது" என்றார். தாளை மடித்து அவனிடமே திருப்பிக் கொடுத்தார். "நீதானே சொன்னாய், இதில் முகம் பார்க்க வேண்டியதில்லை என்று?"

அதே வாரம் கொட்டகையில் ஒரு சண்டை நடந்தது. தங்கராஜு அந்தப் பிரிவில் முதல் ஆள். நாள் தவறாமல் முப்பத்துநாலு ராத்தல். தோளில் சுமக்கும் காண்டாக்கழியின் இரு முனையிலும் வாளி தொங்க அவன் வரும்போது மற்றவர்கள் வழி விடுவார்கள். அவன் மனைவி ராசம்மா கொண்டுவருவது இருபத்தைந்து. அவளும் கீழேதான்.

"என் கையப் பாத்துக் கத்துக்கன்னு எத்தன தடவ சொல்லியிருப்பேன்? பட்டையில உளி ஆழமாப் போவுது ஒனக்கு" என்று எல்லார் முன்னாலும் அவளை ஏசினான்.

ராசம்மா வாளியை ணங்கென்று கீழே வைத்தாள். "கையா? மேட்டுக்காட்டு மரம் ஒங்களுக்கு. பெரிய பெரிய மரம். எங்க நிரையில ஒரு நாளு வெட்டிப் பாத்துட்டுப் பேசுங்க."

"வெட்டுறேன். ஒன் நிரை என்ன, பேச்சியம்மா நிரையிலயே வெட்டுறேன். பள்ளத்துல கெடக்கே, அதுல. நாளைக்கே."

ஆட்களை மேய்க்கும் மண்டோர் தலையைச் சொறிந்தார். அமலநாதன், "ஒரு நாள்தான, விடுங்க" என்றான். அவனுக்கும் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

மறுநாள் தங்கராஜு பேச்சியம்மாளின் நிரையில் வெட்டினான். பேச்சியம்மாள் மேட்டுக்காட்டில் அவன் நிரையில். பத்து மணிக்கு இருவரும் வந்தார்கள். அமலநாதன் தங்கராஜுவின் வாளிகளை முதலில் மாட்டினான். தராசு முள் இருபத்துநாலரையில் நின்றது. பேச்சியம்மாளின் வாளிகளை மாட்டினான். முப்பத்துமூன்று.

யாரும் சிரிக்கவில்லை. தங்கராஜு தராசு முள்ளைக் கையால் தொட்டுப் பார்த்தான், சிக்கிக்கொண்டிருக்கிறதோ என்பதுபோல. பிறகு கொட்டகைக்கு வெளியே போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்துகொண்டான்.

மூன்று வருஷமாக ராத்தல் எழுதிய அமலநாதன் ஒரு நாளும் சதுப்பு ஓரத்துக்குப் போனதில்லை. அன்று மத்தியானம் போனான். ஐயாசாமி வெட்டிய நிரை ஓய்வில் கிடந்தது. மரங்கள் கெண்டைக்கால் தண்ணீரில் நின்றன. பாதி மரங்களில் பட்டை தேய்ந்து, வெட்டு வாய் இனி எங்கே இறங்குவது என்று இடமில்லாமல் இருந்தது. பால் பிடிக்கும் மங்குகள் காலியாகக் கிடந்தன, அவற்றில் மழைத் தண்ணீரும் கொசுப் புழுவும். இந்த மரங்களிலிருந்து அந்த மனுஷர் பதினாறு ராத்தல் கொண்டுவந்திருக்கிறார். தங்கராஜு வந்தாலும் இங்கே பதினாறுக்கு மேல் எடுத்திருக்க மாட்டான். அமலநாதன் தண்ணீரில் நின்றபடி ஐயாசாமியின் முகத்தை ஞாபகத்துக்குக் கொண்டுவரப் பார்த்தான். வரிசையில் நின்ற விதம்தான் வந்தது. முகம் வரவில்லை.

பேச்சியம்மாள் இரண்டு நாள் கழித்து மறுபடி வந்தாள். இந்த முறை ராசம்மாவும் கூட.

"ஐயா, பெரட்டுல ஒண்ணு சொன்னீங்க. எல்லாரு பாலையும் ஒரே தொட்டியில ஊத்திச் சமமாப் பங்கு வச்சா வர்றதுதான் சராசரின்னு."

"ஆமா."

"நாங்க நெசமாவே பங்கு வச்சுட்டா?"

அமலநாதன் பேரேட்டைப் புரட்டினான். அவன் மனதுக்குள் எண்கள் ஓடின. மேலே இருந்த எட்டுப் பேரிடம் சராசரிக்கு மிஞ்சி இருந்தது பதினைந்து ராத்தலும் கொஞ்சமும். கீழே இருந்த ஏழு பேருக்குக் குறைந்ததும் அதே பதினைந்தும் கொஞ்சமும்தான். மிச்சத்தை எடுத்துக் குறையில் ஊற்றினால் ஒரு சொட்டு மீறாது, ஒரு சொட்டுப் பற்றாமலும் போகாது. எந்தக் கூட்டத்திலும் அப்படித்தான். பள்ளிக்கூடத்தில் எத்தனையோ சராசரி போட்டிருக்கிறான். இதை ஒரு தரம்கூட யோசித்ததில்லை.

"அப்ப யாரும் கீழ இருக்க மாட்டாங்க" என்றான் மெதுவாக. "மேலயும் இருக்க மாட்டாங்க."

"மேல இருந்து எங்களுக்கு என்னய்யா ஆகப்போவுது" என்றாள் ராசம்மா.

"தங்கராஜு ஒத்துக்குவானா?"

ராசம்மா உதட்டைக் கடித்துக்கொண்டாள். "பாப்போம்."

அவன் ஒத்துக்கொள்ளவில்லை. மறுநாள் தீம்பாருக்குள், மரங்களுக்கு நடுவே கொட்டகைக்குப் போகும் பாதை ஓரத்தில் பதினாலு பேரின் வாளிகள் வரிசையாக நின்றன. பேச்சியம்மாள் ஒரு குச்சியை ஒவ்வொரு வாளியிலும் விட்டுப் பால் எதுவரை நனைக்கிறது என்று பார்த்து, இதிலிருந்து அதில் ஊற்றிக்கொண்டிருந்தாள். தங்கராஜு காண்டாவை இறக்காமல் தள்ளி நின்றான்.

"நான் வெட்டுன பாலு. ஏன் குடுக்கணும்?"

"அந்த நிரையில பேச்சியம்மாவும்தான் முப்பத்துமூணு கொண்டாந்தா" என்றாள் ராசம்மா.

அவன் முகம் சிவந்தது. ராசம்மா அவனருகே போனாள். அவன் தோளில் இருந்த காண்டாவிலிருந்து ஒரு வாளியை அவளே கழற்றினாள். ஒரு பக்கம் பாரம் போனதும் கழி சாய்ந்தது. மறுவாளி சிந்திவிடாமல் பிடிக்க அவன் குனிய வேண்டியிருந்தது. குனிந்தவன் வாளியைத் தரையில் வைத்தான். அவள் ஊற்றுவதைத் தடுக்கவில்லை.

அன்று கொட்டகையில் பதினைந்து பேரின் வாளிகளும் தராசில் ஏறின. முள் இருபத்தைந்தரைக்கும் இருபத்தாறுக்கும் நடுவே ஆடி ஆடி நின்றது. முள் காட்டியபடி எழுதினால் கால் ராத்தல் வித்தியாசத்தில் ஒருத்தி கீழே போய்விடுவாள். அமலநாதன் பதினைந்து பேருக்கு நேரேயும் ஒரே எண்ணை எழுதினான். அது பொய்யா என்று அவனால் முடிவு செய்ய முடியவில்லை. மாதம் முழுக்க அப்படியே எழுதினான். மழையில் பால் குறைந்த நாளில் எல்லாருக்கும் குறைந்தது. தினமும் பத்து மணிக்கு அவன் காதைத் தீட்டிக்கொள்வான், துரையின் சைக்கிள் மணி கேட்கிறதா என்று.

மாதக் கடைசியில் துரை தாளைப் பார்த்தார். மேலிருந்து கீழ்வரை ஒரே எண்.

"பதினைந்து பேர் மாதம் முழுக்க ஒரே எடை பால் கொண்டுவந்தார்களா? இது யார் வேலை?"

பேச்சியம்மாள் பேர் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. பயத்தில் மனுஷன் எதையும் சொல்லிவிடுவான் என்று அன்றுதான் அவனுக்குத் தெரிந்தது. "என் வேலை சார்" என்றான்.

துரை எழுந்தார். பிறகு அலமாரியிலிருந்து போன மாதத் தாளை எடுத்து மேஜையில் போட்டார். "இதில் ஏழு பேர் கீழே. இதைப் பார்த்துப் பட்டியல் எழுது."

"எழுத மாட்டேன் சார்."

"நாளையோடு உனக்கு இங்கே வேலை இல்லை. தெரிகிறதா?"

"தெரிகிறது."

பட்டியலைத் துரையே எழுதினார். மறுநாள் பெரட்டில் அவரே படித்தார். பால் வெட்டும் ஆட்களோடு பேசப் படித்திருந்த தமிழில் பேர்கள் கோணல்மாணலாக வந்து விழுந்தன. பேச்சியம்மாள். ராசம்மா. இன்னும் ஐந்து பேர்.

வரிசையில் ஏதோ சத்தம். தங்கராஜு முன்னால் வந்து வாளியையும் உளியையும் துரையின் காலடியில் வைத்தான்.

"என் பேரையும் சேத்துக்குங்க தொரை."

"உன் பேர் இல்லே. நீ நம்பர் ஒன் ஆள்."

"நான் மொத ஆளு இல்லீங்க. என் மரம் நல்ல மரம்."

அவனுக்குப் பின்னால் இன்னொரு வாளி தரையில் வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு இன்னொன்று. மண்டோர் கத்தினார். யாரும் கேட்கவில்லை. கடைசியில் பதினைந்து பேரின் வாளிகளும் தரையில் இருந்தன. பேச்சியம்மாள் அழுதுகொண்டிருந்தாள். நெஞ்சில் சளி கட்டிய புருஷனையும் குழந்தையையும் வைத்துக்கொண்டு அவள் எடுத்த காரியம் அது.

துரை கிழக்கே பார்த்தார். வெளுக்க ஆரம்பித்துவிட்டது. வெயில் ஏறினால் மரம் பால் விடாது. அடுத்த பிரிவு ஆட்கள் வேலிக்கு அப்பால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் கையிலிருந்த தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

"இந்த மாசம் பட்டியல் இல்லே. போ, வேலைக்குப் போ."

இந்த மாசம் என்றுதான் சொன்னார். எல்லாருக்கும் அது கேட்டது. ஆனாலும் வாளிகளை எடுத்துக்கொண்டு போனார்கள். நின்று பேச நேரமில்லை.

அமலநாதன் அன்றே பெட்டியோடு கிளம்பினான். ஸ்கூடாயில் ஓர் அன்னாசித் தொழிற்சாலையில் டின்களை எண்ணி ஏற்றும் வேலை கிடைக்கப் பல வாரம் ஆயிற்று. ஓடைக்காட்டிலிருந்து வந்தவர்கள் சொன்ன சேதி அவ்வப்போது காதில் விழும். பட்டியல் மறுபடி வரவில்லை. ஆனால் வேலை நாளைக் குறைத்தார்கள், எல்லாருக்கும். லெட்சுமணன் அந்த வருஷ மழைக்காலத்தில் இறந்துபோனான். பேச்சியம்மாள் அங்கேயேதான் இருந்தாள்.

கிளம்புமுன் பழைய பேரேட்டிலிருந்து ஐயாசாமியின் ஊர்ப் பேரை அமலநாதன் எழுதி எடுத்துவந்திருந்தான். சேலம் ஜில்லாவில் ஒரு கிராமம். என்ன எழுதுவதென்று தெரியாமல் இரண்டு கடிதம் எழுதினான், நலமா என்று கேட்டு. மூன்றாவதில்தான் கணக்கைச் சொன்னவன் நான்தான் என்று எழுதினான்.

ஐந்து மாதம் கழித்துப் பதில் வந்தது. யாரோ படித்தவர் கையெழுத்து. ஐயாசாமி ஊரில் சுகம். கூலிக்குப் போகிறார். பத்தொன்பது வருஷம் கழித்துத் திரும்பியதால் ஊரில் அவரை யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. கடைசி வரி கருப்பாயி சொல்லச் சொல்ல எழுதியது: அவர் சோம்பேறி என்று ஊரில் பேசுகிறார்கள், வேலை செய்யாதவர்களைத்தான் அனுப்பினார்களாம், அவரும் அதை நம்ப ஆரம்பித்துவிட்டார், கிராணி ஐயா ஒரு வார்த்தை எழுத வேண்டும்.

அமலநாதன் அன்று வேலைக்குப் போகவில்லை. காலையிலிருந்து உட்கார்ந்து எழுதினான். சதுப்பைப் பற்றி, பட்டை தேய்ந்த மரங்களைப் பற்றி, தங்கராஜு பள்ளத்து நிரையில் வெட்டிய நாளைப் பற்றி, யார் வந்தாலும் அந்த மரங்களில் பதினாறு ராத்தல்தான் என்பதைப் பற்றி. படிக்கத் தெரிந்தவர் யாராவது ஊரார் முன்னால் இதை உரக்கப் படிக்க வேண்டும் என்று தலைப்பில் எழுதினான். ஏழு பக்கம் வந்தது. தபாலாபீஸ் மூடுவதற்குள் போய்ச் சேர வேண்டுமென்று மழையில் நடந்தான்.